மஜ்ஜை ஸ்மியரா, மரபணுப் பரிசோதனையா?

"மைக்ரோஸ்கோப்பில் பார்த்தாயிற்றே, மரபணு டெஸ்ட் வேறு எதற்கு?" அக்யூட் மைலாய்டு லுகேமியா (வேகமாக வளரும் ஒரு ரத்தப் புற்றுநோய்) என்று தெரிந்த வீடுகளில் எழும் நியாயமான கேள்வி. எலும்பு மஜ்ஜையைக் கண்ணாடித் தகட்டில் தடவி மைக்ரோஸ்கோப்பில் பார்ப்பதுதான் ஸ்மியர்.

நேரம்
ஸ்மியர்: பெரும்பாலும் அன்றோ மறுநாளோ.
மரபணு: குரோமோசோம் மாற்றத்தை ஒளிரவைத்துக் காட்டும் ஃபிஷ் சில நாட்கள், பல மரபணுக்களை ஒரே நேரத்தில் படிக்கும் என்.ஜி.எஸ். வாரக்கணக்கில்.

செலவு
ஸ்மியருக்குக் குறைவு. என்.ஜி.எஸ்.ஸுக்குப் பல மடங்கு.

நோயைக் கண்டுபிடிக்க
ஸ்மியர்: முதிராத ரத்த செல்களான பிளாஸ்ட்களை எண்ணலாம். செல்லுக்குள் ஆவர் குச்சிகள் (ஊசி போன்ற துகள்கள்) கட்டுக்கட்டாகத் தெரிந்தால் ஏ.பி.எல். (அக்யூட் புரோமைலோசைடிக் லுகேமியா) என்ற வகையாக இருக்கலாம். அதில் ரத்தக்கசிவு சீக்கிரமே உயிரைப் பறிக்கும். அதனால் சந்தேகம் வந்ததுமே ஆட்ரா மருந்தைத் தொடங்குவார்கள். இங்கே கண்ணுக்கு இருக்கும் வேகம் எந்த இயந்திரத்துக்கும் இல்லை.
மரபணு: 15, 17-ஆம் குரோமோசோம்களின் துண்டுகள் இடம் மாறியதை (15;17 இடமாற்றம்) காட்டி ஏ.பி.எல்.லை உறுதிசெய்யும்.

நோயின் போக்கைக் கணிக்க
ஸ்மியர்: 1976-ல் வந்த எஃப்.ஏ.பி. (பிரெஞ்சு-அமெரிக்க-பிரிட்டிஷ்) வகைப்பாட்டு முறை தோற்றத்தை முக்கியமாக வைத்து எம்1, எம்2 என்று பிரித்தது. ஆனால் ஒரே தோற்றமுள்ள இருவரில் ஒருவர் குணமாவதும் மற்றவருக்கு நோய் திரும்புவதும் ஏன் என்று அது சொல்லவில்லை.
மரபணு: 8;21 இடமாற்றம் இருந்தால் நம்பிக்கை கூடும். எஃப்.எல்.டி.3-ஐ.டி.டி. (எஃப்.எல்.டி.3 மரபணுவின் ஒரு பகுதி இரட்டிப்பது) இல்லாத என்.பி.எம்.1 மரபணு மாற்றமும் அப்படியே. டி.பி.53 மரபணு மாற்றம் இருந்தால் குணமாக்குவது கடினம்.

இன்றே சிகிச்சை தொடங்க வேண்டுமா என்பதற்கு ஸ்மியர் போதும். கீமோ மட்டும் போதுமா, ஸ்டெம் செல் மாற்று சிகிச்சையும் தேவையா என்பதற்கு மரபணு முடிவு இல்லாமல் தீர்மானிக்கக் கூடாது என்பதே என் உறுதியான கருத்து. மஜ்ஜை எடுக்கும் அன்றே, கீமோவுக்கு முன்பே, இரண்டுக்கும் மாதிரி எடுக்கச் சொல்லிக் கேளுங்கள்.