புனுகா, அரகஜாவா, ஜவ்வாதா: வசியத்துக்கு எதை வாங்கலாம்?

அக்கா மகனுக்கு 32 வயது. வருகிற வரனெல்லாம் பெண் பார்ப்பதோடு நின்றுபோக, ஜோசியர் "வெள்ளிக்கிழமை தோறும் ஏதாவது ஜனவசிய வாசனை பூசிக்கச் சொல்லுங்க" என்றார். எதை என்று சொல்லவில்லை. மதுரை கீழமாசி வீதியில் ஒரு நாட்டு மருந்துக் கடையில் புனுகு, அரகஜா, ஜவ்வாது மூன்றையும் வாங்கிவந்தேன். வசியம் ஆனதா என்று கேட்காதீர்கள். வாங்கி வைத்துப் புழங்கிய கதையைத்தான் சொல்கிறேன்.

'வசியத் தைலம்' என்று லேபிள் ஒட்டிய குப்பியைத் தொடவில்லை. வசிய மூலிகைகள் என்று சொல்லப்படுபவற்றில் செந்நாயுருவி, விஷ்ணுகிராந்தியோடு பொன்னூமத்தையும் வெள்ளைக் குன்றிமணியும் வரும். பின்னவை இரண்டும் நஞ்சு. உள்ளே இருப்பதை எழுதாத எண்ணெயை யார் மேலில் தேய்ப்பது? கஸ்தூரி மானிடமிருந்து எடுப்பது, 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தோடு முடிந்த கதை. கோரோசனை (மாட்டின் பித்தப்பைக் கல்) நான் வாங்கிப் பார்த்ததில்லை, அதனால் விட்டுவிடுகிறேன்.

புனுகுக்குப் பெருமை அதிகம். திருமலையில் வெள்ளிக்கிழமை அபிஷேகம் முடிந்ததும் பெருமாளுக்குச் சாத்துவது புனுகுத் தைலம். புனுகுப்பூனை சந்தனக் கட்டையில் உரசி ஒட்டிவிட்டுப் போகும் சுரப்பை வழித்தெடுப்பார்கள், அதுதான் புனுகு. தனியாக முகர்ந்தால் குடலைப் பிரட்டும், எண்ணெயில் கரைந்தால்தான் வாசம். ஆனால் அந்தப் பூனையும் அதே சட்டத்தின் பாதுகாப்பில் இருக்கிறது. கடையில் மலிவாகக் கிடைக்கும் குப்பிக்குள் புனுகு எவ்வளவு என்பது அந்தப் பூனைக்கே வெளிச்சம்.

அரகஜா பழைய சரக்கு. சந்தனம், கற்பூரம், பன்னீர் சேர்த்துச் செய்யும் முறை அக்பர் காலத்து நூலான 'அயினி அக்பரி'யிலேயே இருக்கிறது. இப்போது டப்பாவில் வருவது கரிய களிம்பு. நெற்றியில் பொட்டாக வைக்க அழகுதான். மதுரை வெயிலில் வியர்வையோடு வழிந்து வெள்ளைச் சட்டைக் காலரில் இறங்கியது, மூன்று துவைப்புக்கும் போகவில்லை.

என் ஓட்டு ஜவ்வாதுக்கு. வேடிக்கை என்னவென்றால், இந்தப் பெயரின் மூலமான அரபிச் சொல்லுக்கே புனுகு என்றுதான் பொருள். இன்று கடையில் அந்தப் பெயரில் விற்பது பூனை வாடையே இல்லாத வாசனைப் பொடி. பழைய ஆட்கள் இதைப் போலி என்பார்கள். இருக்கட்டும்.

ஏன் ஜவ்வாது என்றால், கெடாது. மற்ற எல்லாவற்றையும் விட எனக்கு இதுதான் பெரிதாகப் பட்டது. புனுகுக் குப்பியில் இருப்பது பெரும்பாலும் எண்ணெய். பங்குனியில் வாங்கியது, ஆடியில் திறந்தபோது சிக்கு வாடை. மாப்பிள்ளைக் களையோடு போகவேண்டிய பையன் மேல் பழைய வடைச்சட்டி மணம் அடித்தால் எந்தப் பெண் வீட்டார் உட்காருவார்கள்? வெயில் படாமல், மூடியை இறுக்கி வைத்தால் இன்னும் கொஞ்ச நாள் தாங்கியிருக்கலாம், நான் ஜன்னலோரம் வைத்தது தப்பு. ஆனால் ஜவ்வாதும் அதே ஜன்னலோரம்தான் இருந்தது. பொடி என்பதால் சிக்குப் பிடிக்க அதில் ஒன்றுமில்லை. ஈரக்கை மட்டும் படக்கூடாது, கட்டி தட்டிவிடும்.

தைலமாகத்தான் வேண்டும் என்றால் அன்றன்றைக்குக் குழைத்துக்கொள்ளலாம். உள்ளங்கையில் இரண்டு சொட்டு தேங்காய் எண்ணெய், அதில் பல்குச்சி நுனியில் எடுத்த பொடி. அதற்கு மேல் போனால் தலைவலி. முதலில் முழங்கையின் உள்பக்கம் தடவிப் பாருங்கள், பையனுக்கு ஒன்றும் செய்யவில்லை, எனக்கு லேசாக அரித்தது.

அவன் இப்போது ஆபீஸுக்கும் ஜவ்வாதுதான் பூசிப் போகிறான். மிச்சப் புனுகை அக்கா மொட்டைமாடிக் கதவுக் கீலுக்கு ஊற்றிவிட்டாள்.