பேய்க்கும் ஒரு கணக்கு வேண்டும்

தமிழில் பேய்ப்படம் என்று தேடினால் முதலில் வந்து நிற்பது சிரிப்புப் பேய்தான். 'முனி' (2007), 'காஞ்சனா' (2011), 'அரண்மனை' (2014) என்று அந்த வரிசை நீளமானது. அதைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. லீவு நாளில் பிள்ளைகளோடு போய்க் கத்திவிட்டு வருவதற்கான சரக்கு அது. ராத்திரி பாத்ரூம் போக எழுந்தால் ஹால் லைட்டைப் போட்டுவிட்டுப் போகவைக்கிற படம் வேண்டும் என்பவர்களுக்கு அங்கே தீனி கிடையாது. அவர்களுக்கான படங்கள் இவை.

எந்தப் பேய்ப்படத்தையும் எடைபோட ஒரு கேள்வி போதும்: இந்தப் பேய்க்குக் கணக்கு இருக்கிறதா? எங்கே வரும், எதன் வழியாக வரும், யாரைத் தொடும், யாரை விட்டுவிடும் என்பதெல்லாம் பார்ப்பவருக்குப் பிடிபட வேண்டும். பிடிபட்டுவிட்டால் இயக்குநர் பாதி வேலையை நிறுத்திக்கொள்ளலாம். மீதியை நம் மண்டையே பார்த்துக்கொள்ளும். கணக்கில்லாத பேய் கதவை இழுக்கும், மின்விசிறியில் தொங்கும், நினைத்த இடத்தில் நினைத்ததைச் செய்யும். எதுவும் நடக்கலாம் என்றால் எதற்காகப் பயப்படுவது?

இந்தக் கணக்கைக் கச்சிதமாகப் போட்ட படம் விக்ரம் கே. குமார் இயக்கிய 'யாவரும் நலம்' (2009). மாதவனின் கூட்டுக் குடும்பம் புது அடுக்குமாடியில் 13வது மாடிக்குக் குடிவருகிறது. வீட்டு எண் 13பி. முதல் அரைமணி நேரத்தில் பேய் என்று எதுவும் இல்லை, சில்லறைத் தொந்தரவுகள்தான். லிஃப்ட் எல்லோருக்கும் ஓடுகிறது, மாதவன் தனியாக ஏறினால் மட்டும் நகராது. பால் தினமும் கெட்டுப்போகிறது. பூஜை அறைச் சுவரில் ஆணி இறங்க மாட்டேன் என்கிறது. வீட்டுக்குள் செல்போனில் எடுத்த அவர் படம் மட்டும் கோணல்மாணலாக விழுகிறது. பக்கத்து வீட்டுப் பார்வையற்ற பெரியவரின் நாய் வாசற்படி தாண்ட மறுக்கிறது. எல்லாமே புது வீட்டுக்குப் போன எவரும் 'எலெக்ட்ரீஷியனைக் கூப்பிடணும்', 'பால்காரரை மாத்தணும்' என்று சொல்லிக் கடந்துவிடக்கூடிய சங்கதிகள். அதனால்தான் உறுத்துகிறது.

பிறகு அந்த சீரியல். மதியம் 1 மணிக்கு வீட்டுப் பெண்கள் பார்க்கும் தொடரின் பெயரும் 'யாவரும் நலம்'தான். அதில் ஒரு குடும்பம் புதுவீடு குடிபோகிறது. இந்த வீட்டில் நடப்பது அங்கே நடக்கிறது. கொஞ்ச நாளில் அங்கே நடப்பது இங்கே நடக்கத் தொடங்குகிறது. மெகா சீரியலின் குளோஸ்-அப், இடி மாதிரி இசை, விசும்பல் எல்லாவற்றையும் அப்படியே வைத்துக்கொண்டு அதையே பயமாக மாற்றியது படத்தின் பெரிய சாமர்த்தியம். அன்றைக்கு எல்லா வீட்டிலும் மதியத்தில் ஓடிக்கொண்டிருந்த ஒரு பொருளைப் பேயாக்கினால் அதற்குத் தனியாக மேக்கப் எதற்கு? பி.சி. ஸ்ரீராமின் ஒளிப்பதிவில் வீடு பகலில்தான் அதிகம் பயமுறுத்துகிறது.

குறை இல்லாமல் இல்லை. பாடல்கள் கட்டிய கயிற்றை அவிழ்த்துவிடுகின்றன. பழைய கதையைப் போலீஸ் விசாரணை மாதிரி அடுக்கும் பகுதியும் சற்று நீளம். இந்தியில் '13பி' என்று கூடவே எடுக்கப்பட்ட படம் இது. தமிழ் தெரிந்தவர்கள் தமிழிலேயே பார்ப்பது நல்லது. நம் காதுக்குப் பழகிய சீரியல் வசனத் தொனி அதில்தான் வேலை செய்யும்.

டிவி வழியாக வரும் பேய் என்றதும் ஜப்பானின் 'ரிங்கு' (1998) ஞாபகம் வராமல் போகாது. ஹிடியோ நகாடாவின் படம். ஒரு வீடியோ கேசட்டைப் பார்த்தால் தொலைபேசி அடிக்கும், ஏழு நாளில் சாவு. கணக்கு அவ்வளவு எளிது. திரையில் தேதி விழும்போதெல்லாம் வயிறு பிசைகிறது. கடைசியில் வரும் பேய் சடாகோவின் நடைக்கு கிராஃபிக்ஸ் கிடையாது. நடித்த பெண்ணைப் பின்னோக்கி நடக்கவைத்துப் படம்பிடித்து, அதைத் தலைகீழாக ஓட்டியிருக்கிறார்கள். கால் ஊன்றுவதும் தோள் திரும்புவதும் மனித உடம்பு செய்கிற வரிசையில் இல்லாததால் கண் அதை ஏற்க மறுக்கிறது. 2002ல் வந்த அமெரிக்க மறு ஆக்கத்தை முதலில் பார்த்தவர்களுக்கு இது மெதுவாகத் தோன்றலாம். பொறுத்துக்கொள்ளுங்கள்.

டிவிக்கு இன்னொரு சொந்தக்காரப் படம் ஆர். அஜய் ஞானமுத்துவின் 'டிமான்டி காலனி' (2015). சென்னை ஆழ்வார்பேட்டையில் நிஜமாகவே இருந்த டிமான்டி காலனியின் பேரைக் கடன்வாங்கிய கதை. ஜான் டிமான்டி என்ற போர்ச்சுகீசிய வணிகர் பெயரில் உள்ள இடம் அது; பாழடைந்த வீடுகளைப் பற்றி நகரத்தில் புழங்கிய புரளிகளைப் படம் நன்றாகப் பயன்படுத்திக்கொள்கிறது. அருள்நிதி உட்பட நான்கு நண்பர்கள் ஒரு ராத்திரி போதையில் அந்த பங்களாவுக்குள் போய் வருகிறார்கள். பிறகு தங்கள் அறையில் டிவிடி போட்டுப் படம் பார்க்க உட்கார்ந்தால், திரையில் அவர்களே. அடுத்து யார், எப்படிப் போகப்போகிறார்கள் என்று டிவி சொல்கிறது. வெளியே மழை, அறையை விட்டுப் போக முடியாது.

நாலு சுவர், ஒரு டிவி, நாலு பேர். இதை வைத்துக்கொண்டு இரண்டாம் பாதி முழுவதையும் ஓட்டியிருப்பதுதான் பாராட்ட வேண்டிய விஷயம். அறையின் ஜன்னல் எங்கே, கதவு எந்தப் பக்கம், ஸ்விட்ச் போர்டு எங்கே என்று சீக்கிரமே நமக்கு மனப்பாடமாகிவிடுவதால், கேமரா எந்த மூலையைக் காட்டாமல் விடுகிறதோ அந்த மூலையின் மீதே கவனம் போகிறது. முதல் பாதியில் நண்பர்களின் கடன், வேலை, காதல் தொல்லைகள் இழுவைதான். தாவிப் பார்க்க வேண்டாம். அறைக்குள் யார் போனால் உறுத்தும் என்பது அங்கேதான் முடிவாகிறது. 2024ல் வந்த இரண்டாம் பாகத்தை இதைப் பார்த்த பிறகு மட்டும் எடுங்கள். முன்கதையோடு நேராகப் பின்னப்பட்டது அது.

கார்த்திக் சுப்புராஜின் 'பீட்சா' (2012) பற்றி அதிகம் சொன்னால் கெட்டுவிடும். பீட்சா கொண்டுபோகும் விஜய் சேதுபதி ஒரு பங்களாவில் மாட்டிக்கொள்கிறார், கையில் ஒரு டார்ச், அவ்வளவுதான். டார்ச் வெளிச்சம் விழுகிற வட்டம் மட்டுமே நமக்குக் கிடைக்கும் திரை. அந்த வட்டத்தை ஆட்டுபவர் பயந்துபோன ஒருவர். பாத்திரத்தின் கைநடுக்கமே ஒளிப்பதிவாகிவிடுகிறது. சந்தோஷ் நாராயணனின் இசை எங்கே நிற்கிறது என்று கவனித்துக் கேளுங்கள். யூடியூப் 'விளக்க' வீடியோக்களை முன்கூட்டிப் பார்த்தவர்கள் இந்தப் படத்தின் பாதி விலையை இழந்தவர்கள்.

டிவியில் படம் சரியாகத் தெரிகிறதா என்று சோதிக்கவும் இந்த டார்ச் காட்சிதான் தோது. பேய்ப்படம் 'ஒண்ணும் பயமா இல்லையே' என்று சொல்பவர்களில் பாதிப்பேருக்குக் குறை படத்தில் இல்லை, ரிமோட்டில் இருக்கிறது. காட்சியை நிறுத்துங்கள். திரையின் மேலும் கீழும் உள்ள கறுப்புப் பட்டையையும் படத்தில் தெரியும் அறையின் இருட்டையும் ஒப்பிடுங்கள். இரண்டும் ஒரே கறுப்பாக ஒட்டிக்கொண்டால் பிரைட்னஸைக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றி, அறைக்குள் இருக்கும் சாமான்களின் விளிம்பு லேசாகத் தெரிகிற இடத்தில் நிறுத்த வேண்டும். பட்டையே சாம்பலாக வெளுத்தால் ஏற்றியது அதிகம், இறக்குங்கள். படமுறையை 'விவிட்'டிலிருந்து 'சினிமா' அல்லது 'ஃபிலிம்மேக்கர் மோட்'டுக்கு மாற்றுங்கள். மின்சேமிப்பு, சுற்றுவெளிச்ச சென்சார் இரண்டையும் அணைத்துவிடுங்கள். லைட்டை அணைத்ததும் திரையை மங்கவைத்து இருட்டுக் காட்சியை மொத்தமாக முழுங்குவது அவைதான்.

அடுத்தது மோஷன் ஸ்மூதிங். எல்ஜியில் ட்ரூமோஷன், சோனியில் மோஷன்ஃப்ளோ, சாம்சங்கில் ஆட்டோ மோஷன் பிளஸ் அல்லது பிக்சர் கிளாரிட்டி என்ற பெயரில் மெனுவில் ஒளிந்திருக்கும். சினிமா நொடிக்கு 24 ஃபிரேம். டிவி நடுவில் தானே ஃபிரேம்களை இட்டுக்கட்டி நிரப்பும்போது படம் வழுவழுவென்று சீரியல் மாதிரி ஆகிவிடும். 'யாவரும் நலம்' பார்க்கும்போது இது பெரிய நட்டம். படத்துக்குள் ஓடும் சீரியலும் படமும் வேறுவேறு விதமாகத் தெரிந்தால்தானே வேலை நடக்கும்? இந்த அமைப்பு ஓடினால் இரண்டும் சீரியல்.

ஒலியில் நடக்கிற தப்பு வேறு. வசனம் கேட்கவில்லை என்று ஒலியைக் கூட்டுவோம், அடுத்த நொடி திடுக் சத்தம் காதைக் கிழிக்கும், குறைப்போம், மறுபடி வசனம் கேட்காது. காரணம் பெரும்பாலும் ஒலித்தடம். இரண்டே ஸ்பீக்கர் உள்ள டிவியில், ஆறு ஸ்பீக்கருக்கான 5.1 தடத்தைத் தேர்ந்தெடுத்தால் வசனம் அமுங்கிப்போவது சகஜம். ஓடிடியின் ஆடியோ மெனுவில் ஸ்டீரியோ இருந்தால் அதை எடுங்கள். முதல் பத்து நிமிடத்தில் சாதாரணப் பேச்சுக்குத் தகுந்த அளவு வைத்துவிட்டு ரிமோட்டைக் கீழே போட்டுவிட வேண்டும். 'நைட் மோட்' பெரிய சத்தத்தைக் குறைத்துச் சின்னதைக் கூட்டிச் சமன்செய்யும். குழந்தை தூங்கும் வீட்டுக்கு உதவும், பேய்ப்படத்துக்கு உதவாது. செல்போனில்தான் பார்ப்பீர்கள் என்றால் ஒயர் உள்ள ஹெட்ஃபோனாவது மாட்டிக்கொள்ளுங்கள்.

திருட்டுப் பிரிண்ட் பற்றி நீதி சொல்லப்போவதில்லை. அழுத்திச் சுருக்கிய கோப்பில் இருட்டு முழுவதும் கட்டம் கட்டமாக உடைந்து நெளியும், அதில் பேயையும் கண்டுபிடிக்க முடியாது, சுவரையும் கண்டுபிடிக்க முடியாது.

அறிவழகனின் 'ஈரம்' (2009) கணக்கு, தண்ணீர். குளியல் தொட்டியில் இறந்து கிடக்கும் பெண்ணில் தொடங்கி, எங்கெல்லாம் ஈரம் இருக்கிறதோ அங்கெல்லாம் பேய்க்கு வழி உண்டு. மனோஜ் பரமஹம்சாவின் கேமரா படத்தைச் சாம்பல் நீலத்தில் ஊறப்போட்டுச் சிவப்பை மட்டும் தூக்கிக்காட்டும். சிவப்புக் கண்ணில் பட்டால் சுதாரித்துக்கொள்ளுங்கள். ஸ்ரீரங்கத்துக் காதல் பகுதி பேய்க்கதைக்குத் தேவையான சோகத்தைக் கொடுக்கிறது, ஆனால் நேரத்தையும் எடுத்துக்கொள்கிறது. மழைநாளில் பார்த்தால் கூடுதல் பலன்.

மிஷ்கினின் 'பிசாசு' (2014) தலைகீழ்க் கணக்கு. இந்தப் பேய் கெடுதல் செய்யாது என்பது நமக்குத் தெரிகிறது, வீட்டில் இருப்பவனுக்குத் தெரியவில்லை. பயத்தை எதிர்பார்த்து உட்கார்ந்தவர்கள் ஏமாந்து எழுந்த படமும் இதுதான். அழவைக்கிற பேய்ப்படம் என்று தெரிந்துகொண்டு உட்காருங்கள். நிறங்களைக் கவனித்து வையுங்கள், கடைசியில் தேவைப்படும். திடுக் காட்சி தாங்காத பெரியவர்களோடு பார்ப்பதற்கு இந்தப் பட்டியலில் இதுதான் பொருத்தம்.

அஸ்வின் சரவணனின் 'மாயா' (2015) கறுப்பு வெள்ளையும் வண்ணமுமாக இரண்டு சரடுகள். தியேட்டரில் தனியாக உட்கார்ந்து முழுப்படம் பார்த்தால் 5 லட்சம் பரிசு என்ற கதைத் திருப்பம் அருமையான யோசனை. செல்போனை நோண்டிக்கொண்டு பார்த்தால் எது எதற்குள் இருக்கிறது என்பது குழம்பிவிடும். மிலிந்த் ராவின் 'அவள்' (2017) ரத்தமும் கத்தலும் கூடின வகை, பிள்ளைகளைத் தூங்கவைத்துவிட்டுப் போடுங்கள். முதல் முக்கால்மணி நேரம் பிரமாதம். பேயோட்டும் இடங்களில் வெளிநாட்டுப் படங்களின் அச்சு தெரிகிறது.

மலையாளத்தில் 'பூதகாலம்' (2022), ரேவதிக்காகவே பார்க்கலாம். பாட்டி இறந்த வீட்டில் அம்மாவும் மகனும் மட்டும் மிஞ்சுகிறார்கள். பேயா, மனச்சோர்வா என்பதை இயக்குநர் ராகுல் சதாசிவன் கடைசி வரை கையில் மூடியே வைத்திருக்கிறார். 'கணக்கு வேண்டும்' என்ற விதிக்கு ஒரே விலக்கு இதுதான். கணக்குத் தெரியாதது அந்த வீட்டில் இருப்பவர்களுக்கும் சேர்த்து என்பதால் பொருந்திப்போகிறது.

பேயே இல்லாத ஒன்றையும் சேர்த்தாக வேண்டும். ஃபாசிலின் 'மணிச்சித்ரதாழ்' (1993). 'சந்திரமுகி' (2005) பார்த்தாயிற்றே, கதை தெரியுமே என்று ஒதுக்கிவிடாதீர்கள். அங்கே ரஜினிக்காக அகலப்படுத்திய கதை, இங்கே ஷோபனா என்ற ஒரு பெண்ணின் முகத்துக்குள் நடக்கிறது. தேசிய விருது சும்மா வரவில்லை. இதை மொழி மொழியாகக் கொண்டுபோனவர்கள் ஒரு விஷயத்தை மட்டும் மாற்றாமல் வைத்திருந்தார்கள்: ஆவி எப்போதும் அடுத்த ஊர் மொழியில்தான் பேசும். நம் சந்திரமுகி தெலுங்கு பேசுவாள், இந்தி 'பூல் புலையா'வின் மஞ்சுளிகா வங்காளம் பேசுவாள். கூடவே வாழ்ந்த மனைவி திடீரென்று தெரியாத மொழியில் பேசினால் கணவன் மிரளத்தானே செய்வான்? மலையாள மூலத்தில் வருபவள் தஞ்சாவூர் நாகவல்லி. மலையாளம் தெரியாதவர்கள் சப்டைட்டிலோடு பார்க்கலாம். அவள் பேசும்போது மட்டும் அது தேவைப்படாது.