பணம் கட்டிப் புத்தகம் போட நினைப்பவர்கள் இதைப் படித்துவிடுங்கள்

சேலத்தில், பணம் வாங்கிக்கொண்டு புத்தகம் போட்டுத் தரும் ஓர் இடத்தில் 32,000 ரூபாய் கட்டி ஏமாந்திருக்கிறேன். புகார் கொடுத்திருப்பதால் பெயர் சொல்லவில்லை. நடந்ததை மட்டும் சொல்கிறேன்.

செவ்வாய்ப்பேட்டையில் ஒரு கொலுசுப் பட்டறையில் கணக்கு எழுதுகிறேன். நான்கு வருடம் ராத்திரியில் உட்கார்ந்து எழுதிய நாவல் அது. அகத்தியர் கமண்டலத்தைக் காகம் தட்டிவிட்டுக் காவிரி பிறந்த கதையை விண்வெளிக்குக் கொண்டுபோயிருந்தேன். மாசி மாத இரவு ஒன்பது மணி வாக்கில் ஏற்காட்டில் நின்று தெற்கே பார்த்தால் தாழ்வாகப் பளிச்சென்று தெரியுமே அகத்திய நட்சத்திரம், சுமார் 310 ஒளியாண்டு தூரத்தில், அங்கேதான் கதை நடக்கிறது. கமண்டலம் என்பது நீரை அழுத்தி அடைக்கும் கலம். காகம் ஒரு சிறிய விண்கலம்.

நிஜத்தில் நீர் அப்படிச் சுருங்காது. மரியானா அகழியின் அடியில், ஏறத்தாழ 11 கிலோமீட்டர் ஆழத்தில், நாம் இருக்கும் இடத்துக் காற்றழுத்தத்தைப் போல ஆயிரம் மடங்குக்கும் மேல் அழுத்தம். அங்கேயே நீர் 5 சதவீத அளவுக்குத்தான் சுருங்குகிறது. ஆயிரம் லிட்டரை ஒரு சொம்புக்குள் அடைப்பது முழுக்க என் கற்பனை. ஆனால் ஒன்றை மட்டும் நான் விட்டுக்கொடுக்கவில்லை. சுருக்கினாலும் எடை குறையாது. ஆயிரம் லிட்டர் என்றால் ஒரு டன், சொம்பளவு இருந்தாலும் ஒரு டன்தான். பார்க்கச் சின்னது, யாராலும் தூக்க முடியாது. கதையே அதில்தான் நிற்கிறது. பகல் முழுக்கத் தராசு முன்னால் இருப்பவன் நான், எடையில் பொய் எழுத எனக்கு மனசு வரவில்லை.

மூன்று மாதத்தில் 200 பிரதி என்றார்கள். முதலில் 20,000 ரூபாய். அப்புறம் எடிட்டிங்குக்கு 7,500, ஐ.எஸ்.பி.என் என்கிற புத்தக அடையாள எண் வாங்க 4,500. சீட்டு எடுத்துக் கட்டினேன். எட்டு மாதம் கழித்து வந்தது 30 பிரதி. அச்சுக்குப் போகும் முன் ஒரு பக்கம்கூட எனக்குக் காட்டவில்லை. எழுத்துருவை மாற்றியதில் ஒற்றைக்கொம்பும் இரட்டைக்கொம்பும் இடம் மாறி, ‘கேட்டான்’ எல்லாம் ‘கெட்டான்’ ஆகியிருந்தது. அதைவிடக் கொடுமை, கமண்டலத்தை நாயகி இடுப்பில் வைத்துக்கொண்டு ஓடுகிறாள்! பதிப்பகத்துக்காரருக்குப் போன் செய்து கேட்டேன். “கதைதானே சார், யாரு சார் எடை பார்க்கப் போறாங்க?” என்றார். அதற்குப் பிறகு அவர் போனை எடுக்கவே இல்லை.

ஐ.எஸ்.பி.என் விஷயத்தைத் தனியாகச் சொல்ல வேண்டும். இந்தியாவில் அது இலவசம். ராஜா ராம்மோகன் ராய் பெயரில் இயங்கும் தேசிய முகமை தருகிறது, எழுதியவரே நேரடியாக விண்ணப்பிக்கலாம். இது தெரியாமல்தான் 4,500 கொடுத்தேன். கொடுத்த எண்ணும் போலி. 13 இலக்கங்களையும் வரிசையாக 1, 3, 1, 3 என்று மாற்றி மாற்றிப் பெருக்கிக் கூட்டினால், வரும் தொகை 10-ஆல் மீதியில்லாமல் வகுபட வேண்டும். என் புத்தகத்து எண்ணுக்கு 117 வந்தது. மூன்று முறை கூட்டிப் பார்த்தேன். உங்கள் புத்தகத்துக்கும் இன்றே போட்டுப் பாருங்கள்.

ஒப்பந்தத்தில் ‘முழு உரிமையும் பதிப்பகத்துக்கு’ என்று ஒரு வரி இருந்தது. எத்தனை வருடம் என்று இல்லை. படிக்காமல் கையெழுத்துப் போட்டது என் தவறுதான். 1957 பதிப்புரிமைச் சட்டத்தின் 19-ஆம் பிரிவுப்படி, காலம் குறிப்பிடாவிட்டால் ஐந்து வருடம் என்றுதான் கொள்ள வேண்டும் என்று ஒரு வக்கீல் அண்ணன் சொன்ன பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது. 1915 என்ற நுகர்வோர் உதவி எண்ணில் பேசினேன், அப்புறம் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் மனு கொடுத்தேன். ரசீது இல்லாமல் கையில் கொடுத்த 7,500-க்குத்தான் ஆதாரம் இல்லை. நீங்கள் எதைக் கொடுத்தாலும் வங்கி வழியாகவே கொடுங்கள். ஒவ்வொரு பக்கத்தையும் பார்த்து நீங்கள் சம்மதம் எழுதித் தந்த பிறகே அச்சுக்குப் போக வேண்டும் என்று ஒப்பந்தத்திலேயே போடச் சொல்லுங்கள்.

அந்த 30 பிரதியில் ஐந்தாறு வெளியே போய்விட்டது. உங்கள் கைக்கு ஒன்று வந்தால், 64-ஆம் பக்கத்தில் அவள் ஓடுவதை நான் எழுதவில்லை. நான் எழுதியதில், அந்தக் கமண்டலத்தை அசைக்கக்கூட முடியாமல், விடியும்வரை அவள் அதன் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிறாள்.