இரண்டா, மூன்றா? சம்பந்திகளோடு உட்கார்ந்து பார்க்க எந்த ஃபாக்கர்ஸ்?

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை. அக்காவின் மாமனாரும் மாமியாரும் திருமங்கலத்திலிருந்து மெட்ரோவில் பரங்கிமலை வந்து, அங்கிருந்து ஆட்டோ பிடித்து நங்கநல்லூருக்குச் சாப்பிட வந்திருந்தார்கள். சாப்பாடு முடிந்து வெற்றிலை போட்டதும், "சம்பந்தி, ஏதாவது சிரிக்கிற படமாப் போடுங்களேன்" என்று அப்பாவிடம் கேட்டார் மாமா. ஹாலிவுட்டின் ஃபாக்கர்ஸ் நகைச்சுவை வரிசையில் முதல் படமான 'மீட் த பேரண்ட்ஸ்' படத்தை இரண்டு வீட்டிலும் ஏற்கெனவே பார்த்தாயிற்று. மிச்சம் இருந்தவை 2004-இல் வந்த 'மீட் த ஃபாக்கர்ஸ்', 2010-இல் வந்த 'லிட்டில் ஃபாக்கர்ஸ்'. இரண்டையுமே அமெரிக்க விமர்சகர்கள் வறுத்தெடுத்தவர்கள்தான். அதனால் இரண்டும் ஒரே ரகம் என்று ஒதுக்கிவிடுகிறவர்கள் நிறைய. எனக்கு அதில் உடன்பாடு இல்லை. நான் இரண்டாம் பாகத்தைப் போட்டேன்.

முதலில் கணக்கு. 2000-இல் வந்த முதல் பாகத்தின் கதை நமக்குப் புதிதே இல்லை. பெண்ணைக் கட்டிக்கொள்ள ஆசைப்பட்டு வருகிற பையன், அவனைத் துருவித் துருவிப் பார்க்கிற பெண்ணின் அப்பா. அப்பா ராபர்ட் டி நீரோ, சி.ஐ.ஏ.விலிருந்து ஓய்வு பெற்று, பொய்யைக் கண்டுபிடிக்கும் கருவியை வீட்டிலேயே வைத்திருப்பவர். பையன் பென் ஸ்டில்லர், ஆஸ்பத்திரியில் நர்ஸ். சுமார் 5.5 கோடி டாலரில் எடுத்த படம் உலகம் முழுக்க 33 கோடி டாலர் வசூலித்தது. விமர்சனங்களைத் திரட்டும் இணையதளமான ராட்டன் டொமேட்டோஸில் 80-க்கு மேல் வாங்கியது. இரண்டாம் பாகம் 50 கோடி டாலரைத் தாண்டியும் அங்கே 40-ஐத் தொடவில்லை. மூன்றாவதுக்குச் செலவு 10 கோடி, வசூல் 31 கோடி. ராட்டன் டொமேட்டோஸில் 10-ஐ ஒட்டி நின்றுவிட்டது.

இந்த எண்ணை நம்மில் பலர் பரீட்சை மார்க் மாதிரிப் படிக்கிறோம். அது மார்க் இல்லை. நூறு விமர்சகர்களில் எத்தனை பேர் 'பார்க்கலாம்' என்றார்கள் என்கிற தலைக்கணக்கு. ஏதோ பரவாயில்லை என்றவருக்கும் தலையில் தூக்கிவைத்துக் கொண்டாடியவருக்கும் அதில் ஒரே ஓட்டு. லேசாகச் சலித்தவரும் கோபத்தில் கொதித்தவரும் எதிர்ப்பக்கத்தில் ஒரே ஓட்டு. அமெரிக்க விமர்சகர் ரோஜர் ஈபர்ட் முதல் பாகத்துக்கு நான்குக்கு மூன்று நட்சத்திரம் கொடுத்தார், இரண்டாவதுக்கு இரண்டு. குறைந்தது ஒரே ஒரு நட்சத்திரம். ஆனால் தலையை எண்ணும்போது அவர் இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் போய்விடுகிறார். இரண்டாம் பாகத்தின் சரிவை நான் இப்படித்தான் படிக்கிறேன்: நிறையப் பேருக்குக் கொஞ்சம் ஏமாற்றம். மூன்றாவது வேறு கதை. பத்தில் ஒன்பது பேர் கைவிட்டதற்குக் காரணம் படத்துக்குள்ளேயே இருக்கிறது.

இரண்டின் மேலும் விழுந்த புகார்கள் கிட்டத்தட்ட ஒன்றேதான். கழிவறை நகைச்சுவை, ஆங்கிலக் கெட்ட வார்த்தை மாதிரி ஒலிக்கிற 'ஃபாக்கர்' என்ற பையனின் குடும்பப் பெயரை வைத்தே திரும்பத் திரும்பச் சிரிப்பு, இவ்வளவு பெரிய நடிகர்களைக் கூப்பிட்டு வந்து வீணடித்தது. கடைசிப் புகார் மூன்றாம் பாகத்துக்கு அப்படியே பொருந்தும். இரண்டாவதுக்குப் பொருந்தாது என்பது என் கட்சி.

காரணம் ஒரு சொல்லில் இருக்கிறது: சம்பந்தி. ஆங்கிலத்தில் இந்த உறவுக்கு அன்றாடம் புழங்குகிற ஒரு பெயர் கிடையாது, மருமகனின் பெற்றோர் என்று சுற்றித்தான் சொல்ல வேண்டும். இரண்டாம் பாகம் முழுக்க முழுக்க இந்த உறவைப் பற்றிய படம். பையனைப் பெற்றவர்கள் டஸ்டின் ஹாஃப்மனும் பார்பரா ஸ்ட்ரைசாண்டும். அப்பா ஹாஃப்மன் பிள்ளையை வளர்ப்பதற்காக வக்கீல் தொழிலை விட்டவர். அந்த அம்மா வயதானவர்களுக்குத் தாம்பத்திய ஆலோசனை சொல்பவர். இந்த வேடத்துக்காக ஸ்ட்ரைசாண்ட் எட்டு வருடம் கழித்து சினிமாவுக்குத் திரும்பினார். டி நீரோ, ஹாஃப்மன், ஸ்ட்ரைசாண்ட் மூன்று பேரிடமும் சேர்த்து ஆறு ஆஸ்கர் இருக்கிறது. ஆனால் மூன்று பேருக்கும் படத்தில் வேலையும் இருக்கிறது. டி நீரோ விறைப்பாக நிற்க, எதிரே வருகிறவரையெல்லாம் ஹாஃப்மன் கட்டிப்பிடிக்கிறார். ஒருவர் இல்லாமல் மற்றவருக்குச் சிரிப்பு இல்லை. கல்யாண மண்டபத்தில் இரண்டு பக்கத்துப் பெரியவர்களும் பக்கத்துப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருப்பதைக் கவனித்தவர்களுக்கு இது விளங்கும்.

அந்தச் சுவர் வரும் காட்சியைச் சொல்லியாக வேண்டும். மகன் சின்ன வயதில் வாங்கிய ரிப்பன்களை எல்லாம் ஹாஃப்மன் ஒரு சுவர் நிறைய மாட்டி வைத்திருக்கிறார். கிட்டப் போய்ப் பார்த்தால் ஒன்பதாம் இடத்துக்கான ரிப்பன்கள். டி நீரோ முகத்தில் ஒரு தசைதான் அசைகிறது. ஹாஃப்மன் முகத்தில் கலப்படமில்லாத பெருமை. எங்கள் கூடத்தில் அந்த இடத்தில் எல்லாரும் சிரித்தார்கள். சிரித்து முடித்த மாமி திரும்பி எங்கள் ஷோகேஸைப் பார்த்தார். தம்பி மூன்றாம் வகுப்பில் லெமன் அண்ட் ஸ்பூன் ஓட்டத்தில் மூன்றாவதாக வந்து வாங்கிய சின்ன பித்தளைக் கப்பை அம்மா இன்னமும் புளி போட்டுத் தேய்த்து முன்வரிசையில் வைத்திருக்கிறாள். "எங்க வீட்ல இவனோட கோல்டு மெடல் பீரோக்குள்ள இருக்கு. வெளிய வெச்சா கண்ணு படும்னு எடுக்கவே மாட்டோம்" என்றார் மாமி. அம்மா படத்தை நிறுத்தச் சொன்னாள். அடுத்த பத்து நிமிஷம் அக்கா வீட்டுக்காரரின் பள்ளிக்கூடக் கதைதான். ஆறு வருட சம்பந்தத்தில் அந்த மெடல் பற்றி நாங்கள் கேள்விப்பட்டது அன்றைக்குத்தான்.

இரண்டாம் பாகத்தில் விமர்சகர்கள் சரியாகப் பிடித்த இடங்களும் உண்டு. நாயும் பூனையும் வருகிற காட்சிகள் நீளம். சாப்பாட்டு மேஜையில், மகனின் குழந்தைப் பருவ நினைவுப் பொருள் ஒன்று பாத்திரத்துக்குள் விழுகிற காட்சி எனக்கு அறவே பிடிக்கவில்லை. குழந்தை கெட்ட வார்த்தை கற்றுக்கொள்வதை ஒரு தடவையோடு விட்டிருக்கலாம்.

இனி மூன்றாவது. நம் ஊரில் நகைச்சுவைப் படத்துக்கு இரண்டாம் பாகம் என்றால் பெரும்பாலும் பெயர்தான் தொடரும். 2012-இல் வந்த 'கலகலப்பு'வையும் 2018-இல் வந்த இரண்டாம் பாகத்தையும் எடுத்துக்கொள்ளுங்கள். இயக்கம் சுந்தர்.சி, கதையும் மனிதர்களும் புதிது. அதனால் பழைய கணக்கு எதுவும் பாக்கி இருக்காது. ஃபாக்கர்ஸ் அப்படியில்லை. அதே குடும்பம் தொடர்கிறது. இரண்டாம் பாகத்தின் முடிவில் மாமனார் மருமகனை ஏற்றுக்கொண்டு கல்யாணமும் நடந்துவிடுகிறது. மூன்றாவதில், பேரப்பிள்ளைகள் பிறந்த பிறகும், அதே மாமனார் அதே மருமகனை மறுபடி முதலிலிருந்து சந்தேகப்படுகிறார். பாடுபட்டுச் சேர்த்ததை எல்லாம் படம் மறந்துவிட்டது.

நட்சத்திரங்கள் இன்னும் கூடிவிட்டார்கள். ஜெசிக்கா ஆல்பா, லாரா டெர்ன், ஹார்வி கைட்டல். ஹாஃப்மன் முதலில் படத்திலேயே இல்லை, பிறகுதான் சில காட்சிகளுக்கு வந்தார். கதையில் அவரை ஸ்பெயினுக்கு நடனம் கற்க அனுப்பிவிட்டார்கள். சம்பந்தியை ஊரைவிட்டே அனுப்பிவிட்டால் சம்பந்தி கதைக்கு மிச்சம் என்ன? எனக்கு மனசு ஆறாதது கைட்டல் விஷயம். 1973, 1976 வருடங்களில் மார்ட்டின் ஸ்கார்செஸி படங்களில் டி நீரோவும் கைட்டலும் எதிரெதிரே நின்றதைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், அவர்களை ஒரே அறையில் விட்டாலே போதும் என்று. இங்கே வீட்டு வேலைக்கு வந்த கான்ட்ராக்டராகக் கைட்டலுக்குச் சில நிமிஷ வாக்குவாதம், அவ்வளவுதான். ஆல்பாவுக்கு அந்த வருடப் படங்களுக்காக மோசமான துணை நடிகைக்கான ராஸி, அதாவது மோசமான படங்களுக்குக் கேலியாகக் கொடுக்கிற விருது, கிடைத்தது. 'லிட்டில் ஃபாக்கர்ஸ்' அந்தப் படங்களில் ஒன்று. பழியை அவர்மேல் போட எனக்கு மனம் வரவில்லை. அவருக்கு எழுதிக் கொடுத்தது அவ்வளவுதான்.

ஒன்றை மட்டும் மூன்றாம் பாகத்துக்குச் சாதகமாகச் சொல்வேன். இதயக் கோளாறு வந்த டி நீரோ, குடும்பப் பொறுப்பை இனி யாரிடம் கொடுப்பது என்று யோசித்து மருமகனைக் கூப்பிடுகிறார். சாவிக்கொத்து கைமாறுகிற இந்தக் கதை நம் வீடுகளில் கண்ணீரோடு நடப்பது. இயக்குநர் ஜே ரோச்சுக்குப் பதில் பால் வைட்ஸ் வந்திருந்தார், புதிதாக ஒரு படமே எடுத்திருக்கலாம். ஆண்மைக் குறைவு மாத்திரையை வைத்துச் சிரிப்பு மூட்டப் போய் அதைக் கோட்டை விட்டுவிட்டார்கள்.

பெரியவர்களோடு பார்ப்பதாக இருந்தால், இரண்டாம் பாகத்தில் ஸ்ட்ரைசாண்ட் வகுப்பு எடுக்கிற காட்சிக்கும் அந்தச் சாப்பாட்டு மேஜைக் காட்சிக்கும் ரிமோட்டைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். நான் முதலாவதை ஓட்டிவிடப் பார்த்தேன். "இருக்கட்டும்பா, நாங்களும் பெரியவங்கதானே" என்று தடுத்தவர் மாமி.