தண்ணீரை அளப்பதா, உப்பைக் குறைப்பதா?

அப்பாவுக்குச் சிறுநீரகம் பழுது. வாரம் மூன்று முறை டயாலிசிஸ், அதாவது இயந்திரம் வழியாக ரத்தத்தைச் சுத்தம் செய்வது. இடைப்பட்ட நாட்களில் உடம்பில் நீர் சேராமல் பார்த்துக்கொள்வதுதான் பெரும்பாடு.

முதலில் தண்ணீரை அளந்தோம். ஒரு நாளில் போகும் சிறுநீரின் அளவோடு 500 மி.லி. சேர்த்துக் குடிக்கலாம் என்றார் டாக்டர். காலையிலேயே பாட்டிலில் அந்த அளவு நிரப்பி வைப்போம். காபி, ரசம், மோர் எது உள்ளே போனாலும் அதே அளவைப் பாட்டிலிலிருந்து கொட்டிவிடுவோம். கணக்கு சரியாகத்தான் இருந்தது. ஆனால் மதியத்துக்குள் பாட்டில் காலி. நாக்கு வறண்டு அப்பா தவிப்பதைப் பார்க்க முடியாது.

அப்புறம்தான் உப்பில் கை வைத்தோம். உடம்பில் தங்கும் சுமார் 8 கிராம் உப்பு ஒரு லிட்டர் தண்ணீரைப் பிடித்து வைக்கும். தாகத்தைக் கிளப்புவதும் அதுதான். ஊறுகாய், அப்பளம், கருவாடு எல்லாம் நின்றன. நாள் முழுக்கச் சேர்த்து 5 கிராமுக்குள், அதாவது ஒரு டீஸ்பூனுக்குள். முதல் பத்து நாள் சோறு இறங்கவில்லை. மிளகும் சீரகமும் எலுமிச்சைச் சாறும் கைகொடுத்தன. கடையில் விற்கும் சோடியம் குறைந்த உப்பு மட்டும் வேண்டவே வேண்டாம். அதில் இருக்கும் பொட்டாசியம் சிறுநீரகம் பழுதானவர்களின் இதயத்துக்கு ஆபத்து.

என்னைக் கேட்டால் உப்புதான் முதலில். பாட்டிலையும் விடவில்லை. இப்போது சாயங்காலம் வரை அதில் தண்ணீர் மிச்சம் இருக்கிறது.