உட்ரெக்ட் பழைய கால்வாயில் இரண்டு மணி நேரம் கயாக்

மகன் நெதர்லாந்தில் இருக்கிறான். போன வருடம் மே மாதம் அவனைப் பார்க்கப் போனபோது, உட்ரெக்ட் நகரத்தில் இருவர் உட்கார்ந்து துடுப்புப் போடும் கயாக் என்ற சிறு படகு ஒன்றை இரண்டு மணி நேரத்துக்கு வாடகைக்கு எடுத்தோம். வாய்க்கால், மதகு, கரை என்று முப்பது வருடம் பொதுப்பணித்துறையில் வேலை பார்த்தவன் நான். அங்கே போகிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான்: கண்ணாடிக் கூரை போட்ட சுற்றுலாப் படகில் ஏறாதீர்கள். துடுப்பைக் கையில் எடுங்கள்.

நாங்கள் இறங்கிய கால்வாயின் பெயர் அவுடகிராக்ட். பழைய கால்வாய் என்று பொருள். தெருவிலிருந்து எட்டிப் பார்த்தால் தண்ணீர் ஒரு மாடி ஆழத்தில் கிடக்கும். அவ்வளவுதான் தெரியும். கயாக்கில் இறங்கிய பிறகுதான் விஷயமே புலப்படுகிறது. தண்ணீர் ஓரமாக ஒரு நடைபாதை, அதை ஒட்டி வரிசையாகக் கதவுகள். ஒவ்வொரு கதவுக்குப் பின்னாலும் செங்கல் வளைவு போட்ட ஒரு நிலவறை. அது தெருவுக்கு அடியிலேயே போய், எதிரே இருக்கும் வீட்டின் அடித்தளத்தோடு சேர்ந்துகொள்கிறது. படகில் வந்த பீப்பாயைத் தெருவுக்கு ஏற்றாமல் நேரே உள்ளே உருட்டிவிட வியாபாரிகள் செய்த ஏற்பாடு இது.

1122இல் ஆற்றின் மேற்பகுதியில், வெய்க் பை டூர்ஸ்டேடே என்ற ஊரில், ரைன் நதியின் கிளையை அணை போட்டு அடைத்துவிட்டார்கள். உட்ரெக்டுக்குத் தண்ணீர் வரத்து குறைந்தது. படகு வராவிட்டால் வியாபாரம் படுத்துவிடும். அதனால் ஊருக்கு நடுவே கால்வாயை நீட்டி வெட்டி, வடக்கே ஃபெக்ட் ஆற்றையும் தெற்கே வேறொரு ஆற்றையும் இணைத்தார்கள். நிலவறைகள் பெருகியது அதற்கடுத்த நூற்றாண்டுகளில். இன்று அவற்றில் பல ஓட்டல்களாக இருக்கின்றன.

ஒரு பாலத்தின் அடியில் துடுப்பை நிறுத்திவிட்டுச் சும்மா இருந்தோம். தண்ணீரில் பட்ட வெயில் வளைவின் அடிப்பக்கத்தில் நெளிந்துகொண்டிருந்தது. செங்கல் இடுக்கில் சின்னச் சின்னதாகப் பெரணி முளைத்திருந்தது. சுவரில் தெருவிளக்குக்குக் கீழே நீட்டிக்கொண்டிருக்கும் கற்களில் மனிதர்களையும் மிருகங்களையும் செதுக்கியிருக்கிறார்கள். மேலே நடப்பவர்கள் கண்ணில் அவை படுவதே இல்லை.

அப்புறம் அந்தப் பியர் படகு! மேலே தெரு நிற்பதே நிலவறைகளின் முதுகில்தான். கனமான லாரிகளை விட்டால் வளைவுகள் தாங்காது. அதனால் ஓட்டல்களுக்குச் சரக்கு கொண்டுபோக நகராட்சியே மின்சாரப் படகு விடுகிறது. சத்தமே இல்லாமல் வந்து நின்று, சின்னக் கிரேனால் பீப்பாய்களை நிலவறை வாசலில் இறக்கியது. கால்வாய் வெட்டிய அதே வேலைக்கு இன்றும் பயன்படுவதைப் பார்த்தபோது மனசு நிறைந்துவிட்டது.

தெற்கே போய்த் திரும்பி, ஊரைச் சுற்றியுள்ள அகழிக்குள் நுழைந்தோம். அதன் மேற்குப் பகுதியை 1970களில் மூடி மோட்டார் சாலை போட்டிருந்தார்கள். அந்தச் சாலையைத் தோண்டி எடுத்து, மறுபடியும் தண்ணீர் விட்டு, 2020 செப்டம்பரில் வட்டத்தை முழுதாக்கிவிட்டார்கள். ஓரிடத்தில் வணிக வளாகத்தின் அடியிலேயே கயாக் போகிறது. நீர்வழியை மூடி ரோடு போட்டதைத்தான் என் வேலைக்காலம் முழுக்கப் பார்த்திருக்கிறேன். ரோட்டை எடுத்துவிட்டுத் தண்ணீரைக் கொண்டுவந்த இடத்தில் துடுப்புப் போட்டது அன்றுதான்.

குறைகளும் உண்டு. நாங்கள் வாடகைக்கு எடுத்த கடையில் லைஃப் ஜாக்கெட் கொடுத்தார்கள், சரி. ஆனால் ஈரம் புகாத பை கேட்டால் தீர்ந்துவிட்டது என்றார்கள். மகனுடைய செல்போன் நனைந்து அன்று முழுக்க வேலை செய்யவில்லை. பெரிய படகு எதிரே வந்தால் எந்தப் பக்கம் ஒதுங்க வேண்டும் என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. ஒரு குறுகிய பாலத்தடியில் சுவரோடு உரசிக்கொண்டு நின்றோம். இறங்குமுன் நீங்களே இதைக் கேட்டுக்கொள்ளுங்கள். காலையிலேயே போய்விடுங்கள்; மதியத்துக்கு மேல் சுற்றுலாப் படகுகள் நெருக்குகின்றன. வாடகை, அந்த ஊரில் இருவர் மதியம் சாப்பிடும் செலவைவிடக் குறைவுதான்.

கயாக்கைத் திருப்பிக் கொடுத்த பிறகு நடந்தே வடக்கே வேர்ட்ஸ்லவ்ஸ் மதகுக்குப் போனோம். வசந்த காலத்தில் மீன்கள் முட்டையிட இந்த வழியாகத்தான் மேலே போகப் பார்க்கும். அப்போது படகுகள் குறைவு, மதகு அதிகம் திறப்பதில்லை. அதனால் 2021இல் தண்ணீருக்குள் கேமரா வைத்து இணையத்தில் ஓர் அழைப்பு மணிப் பொத்தான் வைத்தார்கள். மீனைப் பார்த்தால் உலகத்தில் யார் வேண்டுமானாலும் அழுத்தலாம், மதகுக்காரருக்குத் தகவல் போகும். இந்த வசந்தத்தில் ஓர் இரவு, சாப்பாட்டுக்குப் பிறகு வீட்டில் உட்கார்ந்து கலங்கிய பச்சைத் தண்ணீரையே அரைமணி நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். கதவோரமாக ஒரு மீன் வந்து நின்றது. மணியை அழுத்தினேன்.