கட்டெறும்பு வளர்ப்பு: கூட்டைப் பற்றி மட்டும் கோபம்

எறும்பு வளர்த்துப் பார்ப்பதற்கென்று விற்கும் அக்ரிலிக் கூடு, அதாவது உள்ளே தெரியும் மூடி போட்ட பிளாஸ்டிக் பெட்டி, விலை இறங்கியிருக்கிறது, வாங்கலாமா என்று காட்பாடி நண்பர் கேட்டார். அவருக்குச் சொன்னதைக் கொஞ்சம் விரித்து எழுதுகிறேன்.

எறும்பில் ஒரு குறையும் இல்லை. மரச்சாமானை அரித்துவிடுமே என்று வீட்டுக்கு வருகிறவர்கள் பயப்படுகிறார்கள்; நம்மூர் கருப்புக் கட்டெறும்பு பெரும்பாலும் மரத்தடி மண்ணில் கூடு கட்டுவது, மரத்தைக் குடையும் வெளிநாட்டு இனங்கள்கூட அதைத் தின்பதில்லை. சர்க்கரைத் தண்ணீர், எறும்பின் குஞ்சுப் புழுக்களுக்காக எப்போதாவது ஒரு கரப்பான், அவ்வளவுதான் செலவு.

என் கோபமெல்லாம் கூட்டின் மேல்தான். உள்ளே ஈரம் காயாமல் இருக்க அதில் தண்ணீர் ஊற்ற விட்டிருக்கும் இடம் தீப்பெட்டி அளவுகூட இல்லை. வேலூரில் சுற்றிலும் பாறை மலை, பகலில் காய்ந்த சுவர் ராத்திரியிலும் அனல் விடும், அக்னி நட்சத்திரத்தில் 40 டிகிரியைத் தாண்டும்போது காலையில் ஊற்றிய தண்ணீர் எங்கே போனது என்றே தெரியாது. சரி என்று நிறைய ஊற்றினால் மூடியின் உள்பக்கம் முழுக்க நீர் முத்து முத்தாகக் கோர்த்து, உள்ளே ஒன்றும் தெரியாமல் போய்விடும். பார்ப்பதற்குத்தானே ஐயா காசு கொடுத்து வாங்குகிறோம்? பின்பக்கம் ஈரத்துணி வைத்துப் பார்த்தேன், மூடி இன்னும் மோசமாக மங்கியது. விற்றவரிடம் கேட்டால், ஊரில் வெயில் அதிகம் என்கிறார். அது தெரிந்துதானே விற்க வேண்டும்?

நியாயமாகச் சொன்னால், மழை தொடங்கி மூடி தெளிந்ததும் தெரிகிற காட்சிக்கு ஈடே இல்லை. சிவப்புத் தாள் ஒட்டிய டார்ச்சை அடித்தால் அவை அவ்வளவாக மிரளுவதில்லை. சர்க்கரைத் தண்ணீர் குடித்துவிட்டு வரும் எறும்பின் வயிறு உப்பி, கருப்புத் தகடுகளுக்கு நடுவே வெளிர் கோடுகள் தெரியும். கூட்டில் இருக்கும் இன்னொரு எறும்பு உணர்கொம்பால் அதன் முகத்தைத் தட்டும்; இரண்டும் வாயோடு வாய் வைத்து அப்படியே நிற்கும், நடுவில் ஒரு சின்னத் துளி மினுங்கும். வாங்கிக்கொண்டது நகர்ந்து போய் அடுத்ததற்குக் கொடுக்கும். இதைப் பார்த்துக்கொண்டே எத்தனையோ ராத்திரி தூங்காமல் இருந்திருக்கிறேன்.

ஆனாலும் நண்பருக்கு என் பதில், வாங்காதீர்கள். மழைக்குப் பிறகு இறகு உதிர்த்துத் தரையில் அலையும் ராணி கிடைத்தால் டெஸ்ட் டியூபில் தண்ணீர், அதை அடைக்கப் பஞ்சு, இது போதும். முதல் வேலைக்கார எறும்புகள் வரும்வரை அவள் சாப்பாடுகூடக் கேட்க மாட்டாள். அந்தக் கூடு மட்டும் பாதி விலைக்கும் வேண்டாம்.